நம்பிக்கை மீட்புப் பிரிவு

மெத்தைத் தொழிற்சாலையில் பிடித்த தீ, தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன்பே நாளிதழின் செயலியில் அணைந்துவிட்டது. ‘தொழிற்சாலையில் தீ: அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே, எந்த ஊரிலோ எந்த வருஷத்திலோ எரிந்த வேறொரு கட்டிடத்தின் படம். ஒரு நாளிதழ் மீட்டுவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? அவர்களும் ஆளுக்கொரு முறை அனைவரையும் பத்திரமாக மீட்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்தத் தொழிலாளர்கள் பல தடவை மீட்கப்பட்டுவிட்டார்கள். உள்ளே போய் எட்டிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரம் இல்லை.

இஸ்திரிக்காரருடைய தம்பி அந்தத் தொழிற்சாலையின் பஞ்சு அறையில் வேலை பார்த்தான். சலவைக் கடையில் யாரோ ஒருவருடைய சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் இஸ்திரிக்காரர் செய்தியைப் பார்த்தார். ‘அனைவரும்’ என்ற வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அனைவரும் என்றால் அதில் தம்பியும் சேர்த்திதானே.

தம்பி அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்று மத்தியானம் தம்பியின் மனைவி கடைக்கு வந்தாள். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண். அழுது முடித்த முகமா, அழ இன்னும் ஆரம்பிக்காத முகமா என்று இஸ்திரிக்காரருக்குப் பிடிபடவில்லை.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன் மாமா,” என்றாள். “பின்பக்கம் சவக்கிடங்குல கொஞ்சம் பேரை வச்சிருக்காங்க. முகத்தை வச்சு யாருன்னு சொல்ல முடியாதாம். ரத்த சொந்தம் யாராவது வந்து ரத்தம் கொடுத்தா ஒத்துப் பாத்துச் சொல்லுவாங்களாம். நான் கொடுத்தா ஆகாதாம். அவருக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

“அதெல்லாம் எதுக்கும்மா? எல்லாரையும் மீட்டாச்சுன்னு போட்டிருக்காங்களே.”

“அப்ப அங்க கிடக்கறது யாரு?”

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக் கையை அழுத்த ஆரம்பித்தார்.

“வெள்ளிக்கிழமை காலையிலதான் கடைசி மாமா. யாரும் வந்து கேக்காததை எல்லாம் மொத்தமா கொண்டுபோய்ப் புதைச்சிடுவாங்களாம். நாளைக்கு வந்துடுங்க. ஒரு ஊசிதான்.”

வருகிறேன் என்றார். ஆனால் கையை நீட்டி ரத்தம் கொடுத்தால், தம்பியை அந்தக் கிடங்குக்குத் தானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார். கடைக்குள் உட்கார்ந்து செய்தியை நம்புவது சுலபமாக இருந்தது. செய்தியின் அடியில் ‘மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று ஓர் எண் போட்டிருந்தது. அழைத்தார். பதிவு செய்த பெண் குரல் ஒன்று எடுத்ததும் கேட்டது: ‘இந்தச் செய்தியை முழுமையாக நம்புகிறீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். ஓரளவு நம்புகிறீர்கள் என்றால் இரண்டை அழுத்தவும். துளியும் நம்பவில்லை என்றால் மூன்றை அழுத்தவும்.’ கூடப் பிறந்தவன் உள்ளே இருக்கும்போது எவன் இரண்டை அழுத்துவான்? அவர் ஒன்றை அழுத்தினார். குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

மறுநாள் புதன்கிழமை. காலையில் கடையைப் பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது.

“மீட்புப் பிரிவுலேருந்து பேசறோம் சார். உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். உடனே வர முடியுமா?”

இஸ்திரிக்காரர் உடனே தம்பி மனைவியைப் போனில் கூப்பிட்டார். “மீட்புப் பிரிவுலேருந்து கூப்பிட்டாங்கம்மா. கிடைச்சுட்டான்.”

“அவர் குரலைக் கேட்டீங்களா?” என்றாள்.

“இனிமேதான் போய்க் கேக்கணும்.”

தீயில் துணியெல்லாம் வீணாகியிருக்கும், மாற்றிக்கொள்ள ஆகும் என்று தம்பியின் நீலச் சட்டை ஒன்றை அழுத்தி மடித்துப் பையில் எடுத்துக்கொண்டார்.

போகச் சொன்ன இடம் நாளிதழின் கட்டிடமாக இருந்தது. மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவு. ‘நம்பிக்கை மீட்புப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. ‘மீட்புப் பிரிவு’ என்பதுதான் அவர் கண்ணில் பட்டது. முன்னால் இருந்த வார்த்தையை, நோயாளியின் வீட்டாரைப் பார்த்து நர்ஸ் சொல்வது போன்ற ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். உள்ளே மாடி முழுக்க மேசைகள். ஒரு காலத்தில் செய்தியாளர்கள் உட்கார்ந்திருந்த இடம் அது. நம்பிக்கை குறையக் குறைய அதை மீட்பதற்கு ஆள் அதிகம் தேவைப்பட்டதால், செய்தியாளர்களை வீட்டுக்கு அனுப்பி அந்த நாற்காலிகளில் மீட்பாளர்களை உட்கார வைத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். இத்தனை பேர் சேர்ந்து மீட்டிருக்கிறார்களே என்று அவருக்குக் கண் கலங்கியது.

பிரிவுத் தலைவர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மொத்தம் எத்தனை பேரை மீட்டிருக்கீங்க சார்?”

“இதுவரைக்கும் உங்க ஒருத்தரைத்தான்.”

“என்னையா? நான் தீயிலயே இல்லையே சார்.”

“தீ கிடக்குது சார். அது பாட்டுக்கு எரியும், அணையும். நம்பிக்கை போச்சுன்னா விளம்பரம் போயிடும்,” என்றார் தலைவர். பிறகு விளக்கினார். எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் மூன்றை அழுத்தியிருக்கிறார்கள். மூன்றுக்கு மேல் எண் உண்டா என்று தேடியவர்களும் உண்டு. ஒரே ஒருவர் ஒன்றை அழுத்தியிருந்தார். முதலில் இயந்திரக் கோளாறு என்று நினைத்து ஆள் வைத்துச் சோதித்தார்களாம். கோளாறு இல்லை என்று தெரிந்ததும் அலுவலகமே குலுங்கிவிட்டதாம்.

“அப்ப என் தம்பி?”

“தம்பியும் நம்பறாரா?” தலைவர் பேனாவை எடுத்தார். “அப்ப ரெண்டு பேர்.”

“தம்பி உள்ள இருந்தான் சார். மீட்டவங்களை எங்க வச்சிருக்காங்கன்னு கேக்க வந்தேன்.”

தலைவர் பேனாவை மூடினார். ஒரு செய்தியில் என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், பாதியில் எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

“செய்தி மேல சந்தேகமா சார்?” என்று மெல்லக் கேட்டார்.

“ஐயோ, சந்தேகமே இல்ல சார். எந்த இடம்னு மட்டும் சொன்னாப் போதும்.”

தலைவருக்கு மூச்சு வந்தது. இஸ்திரிக்காரர் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். “இதெல்லாம் எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்,” என்று நெகிழ்ந்துபோய், சட்டையைத் தன்மேல் வைத்து அளவு பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். திருப்பிக் கேட்க இஸ்திரிக்காரருக்கு வாய் வரவில்லை.

ஆசிரியரின் அறைக்கு அழைத்துப் போனார்கள். அகலமான மேசை, அதன்மேல் ஒரு காகிதம்கூட இல்லை. சுவரில் பெரிய திரை. அதில் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஆசிரியர் அதிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

“சரிபார்க்காம நாங்க ஒரு எழுத்துப் போட மாட்டோம். உங்க தீச் செய்தியையே எடுத்துக்குங்க. போட்ட கையோட, மத்த சேனல்கள்ல வந்திருக்கான்னு பாத்தோம். அத்தனையிலும் வந்திருந்தது.”

“அவங்க எதைப் பாத்துப் போட்டாங்க சார்?”

“நம்மளைப் பாத்துத்தான். நம்ம மேல இருக்கற மரியாதை அப்படி.”

“அங்க யாராவது போய்ப் பாத்தாங்களா?”

“தீப்பிடிச்ச இடத்துக்கா? எங்க செய்தியாளரோட உயிர் எங்களுக்கு முக்கியம் ஐயா. அதனாலதான் செய்தியாளரே வச்சுக்கறதில்ல. மென்பொருள் எழுதுது. சுத்தமா எழுதுது, லீவு கேக்கறதில்ல.”

இஸ்திரிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அப்ப அந்த ‘அனைவரும்’ங்கறது...”

ஆசிரியர் முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தார். குரலில் ஒரு கனிவு வந்தது. “நல்ல வார்த்தை இல்லையா? அதை நாங்க சும்மா தேர்ந்தெடுக்கல. ‘சிலர்’னு போட்டா, யார் அந்தச் சிலர்னு கேப்பாங்க. ‘பலர்’னு போட்டா, மீதிப் பேர் எங்கன்னு கேப்பாங்க. ‘அனைவரும்’னு போட்டா யாருக்கும் கேக்க ஒண்ணும் இருக்காது. நிம்மதியா அடுத்த செய்திக்குப் போவாங்க. வாசகருக்கு நிம்மதி கொடுக்கறதுதான் எங்க தர்மம்.”

எவ்வளவு நல்ல மனிதர் என்று இஸ்திரிக்காரருக்குத் தோன்றியது. கூடவே, இந்த இடத்தில் தம்பி இல்லை என்பதும் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி எழுந்தார். பிரிவுத் தலைவர் பதறிப்போய் வாசலை மறித்து நின்றார்.

“நீங்க அங்க போனா என்ன அர்த்தம் சார்? இருக்கற ஒரே ஆளும் நம்பலைன்னு ஆயிடும். எதிர்க் கடைக்காரன் தலைப்புச் செய்தியே போடுவான். உங்க தம்பி எங்க இருக்கார்னு நாங்க கண்டுபிடிச்சுத் தரோம். இது எங்க பொறுப்பு.”

அந்த நிமிஷம் இஸ்திரிக்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போக வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார், சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. நாளிதழைப் படிப்பது போல, படித்துவிட்டுத் தலையாட்டுவது போல, தலையாட்டிவிட்டு வானத்தைப் பார்ப்பது போல என்று விதவிதமாகப் படம் எடுத்தார்கள். ‘நம்புகிறேன்’ என்ற ஒரே வார்த்தையோடு அவர் முகம் நகரமெங்கும் பலகைகளில் ஏறியது. படம் எடுத்தவரிடம் ஒரு தரம், விளக்குப் பிடித்தவரிடம் ஒரு தரம், தம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். “போயிட்டிருக்கு சார்,” என்றார்கள். எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நாளிதழின் தொலைக்காட்சியில் விவாதம். தலைப்பு, ‘நம்பும் வாசகர்: நிஜமா, நிழலா?’ நான்கு நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் இஸ்திரிக்காரரை உட்கார வைத்தார்கள், பேசுவதற்கு அல்ல, பேசப்படுவதற்கு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு வாசகர் இருக்க வாய்ப்பே இல்லை, இது கம்ப்யூட்டரில் செய்த உருவம் என்று முதல் நிபுணர் அடித்துச் சொன்னார். இன்னொருவர் கைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். விரல்களை எண்ணிக் காட்டச் சொன்னார்கள். எண்ணிக் காட்டினார். பெட்டி சுட்டுச் சுட்டுத் தழும்பேறிய கட்டைவிரலைத் திரையில் பெரிதாக்கி, “இது மனுஷ விரல் மாதிரியா இருக்கு?” என்று கேட்டார் நிபுணர்.

கடைசியில் உண்மை சரிபார்ப்பு நிபுணர் வாய் திறந்தார். அவர் நாளிதழின் சம்பளக்காரர்தான். ஆனாலும் சுதந்திரமானவர் என்று திரையில் அவர் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். இஸ்திரிக்காரரின் பிறப்புச் சான்றிதழ், கடை உரிமம், பல் ஆகியவற்றை ஆராய்ந்து, ‘பெரும்பாலும் உண்மை’ என்று தீர்ப்பு சொன்னார். முழு உண்மை என்று ஏன் சொல்லவில்லை என்று நெறியாளர் கேட்டதற்கு, எங்கள் நிறுவனத்தில் அந்த முத்திரையை உபயோகித்துப் பழக்கமில்லை என்றார்.

“சார், என் தம்பி பஞ்சு அறையில...” என்று இஸ்திரிக்காரர் ஆரம்பித்தார். விளம்பர இடைவேளை வந்துவிட்டது. மெத்தை விளம்பரம்.

விவாதம் முடிந்து வெளியே வந்ததும் தம்பி மனைவி கூப்பிட்டாள்.

“டிவியில உங்களைப் பாத்தேன் மாமா. சவக்கிடங்குக்கு எதிர்ல டீக்கடையில ஓடிச்சு. காசு வாங்கிட்டு உக்காந்திருக்கான் பாருன்னு எல்லாரும் திட்டினாங்க. நான் யாருன்னு சொல்லிக்கல.”

“ஒரு காசு வாங்கலம்மா. அவங்க கண்டுபிடிச்சுத் தரேன்னு...”

“நாளைக்குக் காலையில வண்டி வருது மாமா,” என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

இஸ்திரிக்காரர் நேராகப் பிரிவுத் தலைவரிடம் போனார். இப்போதே போகிறேன் என்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில இந்நேரம் ரத்தம் எடுக்கறவங்க கிளம்பியிருப்பாங்க சார். காலையில போங்க, யார் வேண்டாங்கறது? ஆனா காலையிலதான் உங்க பாராட்டு விழா. சீக்கிரமே ஆரம்பிச்சிடறோம். நீங்க மேடையேறி ஒரு கேடயத்தை வாங்கின உடனே ஆபீஸ் கார்லயே ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் விடறோம். அதுமட்டுமில்ல, உங்க தம்பி விஷயமா நாளைக்குப் பேப்பர்ல வருது. நானே பாத்தேன்.”

பேப்பரில் வருகிறது என்றதும் இஸ்திரிக்காரர் மறுபடியும் அடங்கிவிட்டார். இதை அவருடைய முட்டாள்தனம் என்று சொல்லலாம். சின்ன வயதிலிருந்தே, பேப்பரில் வந்தது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற வீட்டில் வளர்ந்தவர் அவர். அப்படி வளர்த்ததில் பெற்றவர்களுக்கும் பங்கு இருந்தது, பேப்பருக்கும் பங்கு இருந்தது.

விழா சீக்கிரம் ஆரம்பிக்கவில்லை. சிறப்பு விருந்தினரை அழைத்து வரக் கார் போயிருந்தது. அவர் வந்த பிறகு ஆசிரியர் பேசினார். உண்மை என்பது கண்ணாடிப் பாத்திரம் என்றார். அதைக் கீழே போட்டது சமூக வலைத்தளங்கள் என்றார். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை என்றார். இஸ்திரிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேடயத்தைக் கையில் கொடுத்து, கூடவே அன்றைய நாளிதழையும் கொடுத்து, பிடித்த செய்தி ஒன்றை ஒலிபெருக்கியில் படித்துக் காட்டச் சொன்னார்கள்.

அவர் முதல் பக்கத்தில் தன் படத்தையே பார்த்தார். புரட்டினார். தம்பியைத் தேடினார். மனை விற்பனைக்கும் முடி உதிர்வுக்கும் நடுவில், கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் இருந்தது. சத்தமாகத்தான் படித்தார்:

“திருத்தம். மெத்தைத் தொழிற்சாலைத் தீ குறித்த செய்தியில், ‘அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்’ என்பதை, ‘பலரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்’ என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.”

பிழைக்கு வருந்துவதாகப் போட்டிருந்தார்கள். பிழைக்காதவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆசிரியர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “பார்த்தீர்களா? இதுதான் நாங்கள். ஒரே ஒரு வார்த்தை. அதையும் மறைக்காமல் திருத்தினோம். இந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்?” கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று தட்டினார்.

“இப்பவும் எங்களை நம்பறீங்களா ஐயா?” என்று பிரிவுத் தலைவர் அவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்.

“இதை நம்பறேன் சார்,” என்றார் இஸ்திரிக்காரர். அவருக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்குத்தான் அன்றைய விழாவிலேயே பெரிய கைதட்டல் கிடைத்தது.

கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். விருந்தினரைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்று கார்க்காரர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போனார். பலகைகளில் அவர் முகம் வழி நெடுக நம்புகிறேன் நம்புகிறேன் என்றது. பஸ்ஸில் ஒருவரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

சவக்கிடங்கின் அலுவலக அறையில் ஒரு கிளார்க் மட்டும் இருந்தார். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், இன்னும் ஈரம் காயவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கிளார்க் அவரை உட்காரச் சொன்னார்.

“காலையிலயே வண்டி போயிடுச்சுங்க. அடக்கமும் முடிஞ்சிருக்கும். எல்லாருக்கும் நம்பர் போட்டு வச்சிருக்கோம், எலும்புல ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கோம். நீங்க ரத்தம் கொடுத்துட்டுப் போங்க. ஏங்க, இத்தனை நாள் என்ன பண்ணினீங்க? அந்தப் பொண்ணு தினம் வந்து நின்னுச்சே.”

“எல்லாரையும் மீட்டாச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க.”

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“அதையா நம்புனீங்க?”

ரத்தம் எடுத்தார்கள். அவள் சொன்ன மாதிரி ஒரு ஊசிதான். வலிக்கக்கூட இல்லை.

“முடிவு எப்ப சார் தெரியும்?”

“கொஞ்ச நாள் ஆகும். ஒத்துப் போச்சுன்னா பேரோட அறிவிப்பு கொடுத்துடுவோம்,” என்றார் கிளார்க், பஞ்சை அவர் கையில் அழுத்தியபடி. “பேப்பர்ல வரும். பாத்துக்குங்க.”

வெளியே நடையில் ஒரு நீள பெஞ்ச். அதன் ஒரு ஓரத்தில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். செருப்பு ஒன்றைக் காணவில்லை, பாதத்தில் மண் அப்பியிருந்தது.

“மயானம் வரைக்கும் வண்டி பின்னாடியே ஓடினேன் மாமா,” என்றாள். “எல்லாத்தையும் ஒரே மாதிரி கட்டியிருந்தாங்க. எது அவருன்னு தெரியல. எல்லாருக்கும் சேத்து அழுதுட்டு வந்தேன்.”

அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள என்ன சொன்னாங்க?”

“சொல்லுவாங்களாம்.”

“யாரு?”

பெஞ்சில் நிறைய இடம் இருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.